வற்றாத ஜாடி

எழுபதுகளில் எனக்குத் தூசியை அளக்கும் வேலை. பந்தல்குடி அருகே ஒரு சுண்ணாம்புக் காளவாசலின் தூசி, பக்கத்துக் கருவேலங்காட்டில் எவ்வளவு படிகிறது என்று பார்க்க வேண்டும். அகன்ற கண்ணாடி ஜாடியை மரத்தடியில் ஒரு மாதம் திறந்து வைப்பேன். மழைநீரும் தூசியுமாகச் சேர்ந்ததை வற்றவைத்து, மிஞ்சும் தூளை நிறுப்பேன்.

அந்தக் கோடையில் தூள் பயமுறுத்தும் அளவுக்கு இருந்தது. காளவாசலை மூடச் சொல்லி அறிக்கை எழுதினேன். அதை அதிகாரியிடம் கொடுக்கப் போகும் வழியில், புதிதாக வைத்த ஜாடியைப் பார்க்கக் காட்டுக்குள் இறங்கினேன். ஒரு பெண் அதில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“காஞ்சு கெடந்துச்சுய்யா. காக்கா குருவி குடிக்கட்டும்னு போன மாசமும் நாந்தான் ஊத்துனேன். எங்க வீட்டுக்காரரு காளவாசல்ல இருக்காக. அவுகளுக்குக் கஞ்சி கொண்டுபோற வழிதான இது.”

“எந்தத் தண்ணிம்மா?”

“எங்க உப்புக் கெணத்துத் தண்ணி. ஏன்யா, தப்பா?”

கையிலிருந்த அறிக்கையைப் பார்த்தேன். நான் எடைபோட்ட தூளில் கிணற்று உப்பு எவ்வளவு, தூசி எவ்வளவு? மழையே இல்லாத மாதத்தில் ஜாடி வற்றாமல் இருந்ததைப் பார்த்தவன்தான் நான். எடை கூடிய சந்தோஷத்தில் ஏன் என்று கேட்கவில்லை.

“தப்பில்லம்மா” என்றேன். அவள் போனதும் அறிக்கையைக் கிழித்தேன்.

மறுநாள் வேறு ஜாடி வைத்து, பக்கத்தில் பறவைகளுக்கென்று ஒரு மண்சட்டியும் வைத்தேன். தன் வீட்டுக்காரரின் பிழைப்பையே கவிழ்க்கப் பார்த்த தண்ணீர் அது என்று அவளுக்குக் கடைசிவரை தெரியாது. அந்தச் சட்டியை அவள் ஒரு நாளும் காயவிடவில்லை.