கழுவி வைத்த வீடு

என் வீட்டை நானே கழுவிக் கெட்டேன். இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

கடலூரில் தென்பெண்ணைக் கரையோரத் தெரு எங்களுடையது. மணலைச் சுரண்டிச் சுரண்டி ஆற்றங்கரையைப் பலமில்லாமல் ஆக்கியது யாரோ. தூர்வாரியதாக வாய்க்கால் முகப்பில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டது யாரோ. தண்ணீர் மட்டும் வழி தவறாமல் எங்கள் வீட்டுக்கு வந்தது. ஜன்னல் உயரத்துக்கு நின்றது. என் தையல் மிஷின் முழுதாக மூழ்கிப்போனது. அதை ஓட்டித்தான் வீட்டில் அடுப்பெரிகிறது.

பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்துவிட்டுத் திரும்பிய மறுநாள், சேதம் எழுத அதிகாரி வருகிறார் என்றார்கள். பட்டியலில் பெயர் ஏறினால் வேறு மிஷின் வாங்கலாம். நான் என்ன செய்தேன்? வீட்டுக்குப் பெரிய மனுஷர் வருகிறாரே என்று சேற்றை வாரிக் கொட்டி, சுவரைத் தேய்த்துக் கழுவி, மிஷினைத் துடைத்து எண்ணெய் போட்டு, வாசலில் கோலமும் போட்டேன்! வந்தவர் ஏற இறங்கப் பார்த்தார்.

"தண்ணி வந்த அடையாளமே இல்லியேம்மா. மிஷினு பளபளன்னு இருக்குது."

"உள்ள துருப்புடிச்சிடுச்சு சார். சுத்தவே மாட்டேங்குது."

அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. நான் போட்ட டீயைக் குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். சேற்றில் கை வைக்காமல் விட்டிருந்த அவர்கள் பெயர் ஏறியது. எனக்கு வயிறு எரிந்தது. மெக்கானிக் கழற்றிப் பூட்டிக் கொடுத்த பழைய மிஷினோடு மல்லுக்கட்டினேன்.

இரண்டு வருஷம் கழித்து மறுபடியும் வெள்ளம். சிதம்பரத்தில் ஒரு கல்யாணத்துக்காகத் தைக்க வாங்கி வைத்திருந்த ஜாக்கெட் துணிகளையும் அடித்துக்கொண்டு போனது. இந்த முறை துடைப்பத்தைத் தொடவில்லை. ஐந்து நாள், நாற்றம் குடலைப் பிடுங்க, அந்தச் சேற்றுக்குள்ளேயே சமைத்துச் சாப்பிட்டோம்.

வந்தது வேறொரு அதிகாரி. தெருவிலேயே நின்று கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"இதுக்குள்ள எப்படிம்மா வர்றது? கழுவி வெச்சிட்டுக் கூப்பிடக் கூடாதா?"

உள்ளே போய் மிஷின் டிராயரை அப்படியே உருவிக்கொண்டு வந்து அவர் காலடியில் கவிழ்த்தேன். நூல்கண்டும் பாபினும் கத்தரியும் சேற்றோடு சேர்ந்து அவர் ஷூ மேல் விழுந்தன.

"இப்ப எழுதுங்க சார்."

எழுதினார். பெயரைச் சரியாக எழுதியிருக்கிறாரா என்று எட்டிப் பார்த்தேன். பிறகு, ஷூவைத் துடைக்க ஒரு துணி கேட்டார்.

"துணியெல்லாம் ஆத்தோட போயிடுச்சு சார். மூக்குல வெச்சிருக்கீங்களே, அதால தொடச்சிக்குங்க."