ஒன்பதாம் மலையில் சிவப்புக் கொடி

செல்லம் என்று பெயர் வைத்தவர்கள் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார்கள். ரிங்லெட்டுக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில் அவள் கோபப்படாத நாள் என்று ஒன்றை யாராலும் சொல்ல முடியாது. மருந்துக் கங்காணி வேலை அவளுக்குக் கிடைத்ததே அதனால்தான் என்பார்கள். பூச்சியை ஒழிப்பதில் பாதியை மருந்து பார்த்துக்கொள்ளும், மீதியை அவள் தொண்டை பார்த்துக்கொள்ளும். முதுகில் பம்பு கட்டிய ஆட்களை மலைமலையாக ஓட்டிப்போவதும், அடித்து முடித்த மலையின் வாசலில் மூங்கில் குச்சியில் சிவப்புத் துணி கட்டி நடுவதும் அவள் பொறுப்பு. அந்தத் துணி பறக்கும்வரை தோட்டத்தில் ஒருவரும் உள்ளே கால் வைக்கமாட்டார்கள். தொழிலாளர் லைன் வீட்டு நாய்களுக்குக்கூட அது தெரியும் என்று பேச்சு. நாய்களைக் கேட்டுப் பார்த்தவர் இல்லை.

சைக்கிளில் அவள் ஏறியதும் கோபத்தில்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை தானா ராத்தா டவுன் வரை மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய்விடச் சொல்லிக் கணவன் இராமையாவைக் கேட்டாள். இராமையா தோட்டத்தில் கொழுந்து லோரி ஓட்டுகிறவர். வாரம் முழுக்க வளைவுகளைத் திட்டியே அலுத்துப்போன மனிதர்.

“இன்னிக்கு லீவுலா. லீவு நாள்லயும் நான் டிரைவரா?”

“மோட்டார்லதானே கேட்டேன்? தோள்ல தூக்கிட்டுப் போன்னா கேட்டேன்?”

வீட்டுக்குப் பின்னால் ஒரு மலைச் சைக்கிள் சாய்ந்திருந்தது. அவளுடைய அண்ணன் மகன் மகேன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனபோது விட்டுப்போனது. சின்ன வயதில் ஓட்டிய பழக்கத்தை நம்பி ஏறினாள். தோட்டத்து கேட்டுக்குக் கொஞ்சம் முன்பே விழுந்து, முழங்கை தேய்ந்து, உருட்டிக்கொண்டு வந்தாள். இராமையா சிரித்தார். சிரிக்காமல் இருந்திருந்தால் இந்தக் கதை அன்றோடு முடிந்திருக்கும்.

அடுத்த ஞாயிறும் கிளம்பினாள். எங்கே ஓட்டுவது என்பதுதான் பெரும்பாடாக இருந்தது. பெரிய ரோட்டில் சுற்றுலா பஸ்கள் சைக்கிளை ஒரு வண்டியாகவே மதிக்கவில்லை. பிரிஞ்சாங்குக்கு மேலே கியா பார்ம் பக்கம் போனால், ஸ்ட்ராபெரி வாங்க வந்த காடிகள் நின்ற இடத்திலேயே நின்று ஹாரன் அடித்தன. அவளும் நின்ற இடத்திலேயே நின்று திருப்பித் திட்டினாள். காய்கறித் தோட்டங்களுக்குள் போகும் வழியில் பிளாஸ்டிக் கூரைகள், கோழிச்சாண நாற்றம், ஓட்டத்தில் அவளை மிஞ்சிய நாய்கள். ஊர் முழுக்க மலை. அதில் சுகமாக ஓட்ட ஒரு பாதை இல்லை. கடைசியில் பார்த்தால் அது அவள் தினமும் நடந்து வேலைக்குப் போகும் ஒன்பதாம் மலையிலேயே இருந்தது.

மேல் ரோட்டில் தொடங்கி, பெரணிச் செடி மண்டிய சரிவில் இறங்கி, தண்ணீர்த் தொட்டியைத் தொட்டு, தேயிலைக்கு நடுவே மலையின் இடுப்பைச் சுற்றிக்கொண்டு லைன் வரை வரும் பாதை அது. செடிகள் இரண்டு பக்கமும் கத்தரித்த மட்டத்தில் நிற்கும். கீழே அணைக்கட்டு ஏரி பனியில் பாதி தெரியும், பாதி தெரியாது. பிரேக்கை விட்டுவிட்டு அதில் போகும்போது அவளுக்கு யார் மேலும் கோபம் வரவில்லை. முதல் தடவை இதைக் கவனித்தபோது, உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துபோனாள். பிறகு அந்த ஒரு காலைக்காகவே மற்ற நாட்களைச் சகித்துக்கொண்டாள்.

பக்கத்து வீட்டுத் திலகம், தன் மகளின் ரோஸ் கலர் சைக்கிளில், முன்னால் கூடை ஆட, அவளோடு சேர்ந்துகொண்டாள். திலகத்துக்கு இறக்கம் என்றால் நடுக்கம். பாதி வழி முருகனைக் கூப்பிடுவாள், மீதி வழி செல்லத்தைத் திட்டுவாள். செல்லத்துக்கு அதுவும் பிடித்திருந்தது. ஆனால் ஒன்றை மட்டும் திலகத்திடமும் சொல்லவில்லை. தொட்டியிலிருந்து காட்டு ஓரமாக லைனின் பின்பக்கம் வரை தண்ணீர்க் குழாய் போகும் வழியொன்று உண்டு. பாசி பிடித்த மரங்கள், ஏற்றமே இல்லாத குளிர்ந்த மண். மருந்து கலக்கத் தண்ணீர் பார்க்கப் போகிறவளுக்கு மட்டுமே தெரிந்த பாதை. அதை வெளியே காட்டாமல் வைத்திருந்தாள்.

தீபாவளிக்கு வந்த மகேன் அத்தையோடு ஒன்பதாம் மலையில் ஒரு சுற்று ஓட்டினான். அவன் கையில் கட்டியிருந்த கடிகாரம், போன வழியையெல்லாம் வரைந்து இணையத்தில் போட்டு உலகத்துக்குக் காட்டிவிட்டது. அந்தப் பாதைக்கு அவன் வைத்த பெயர் ‘செல்லம் அத்தை டிரெயில்’. பாசத்தில் செய்தான். இந்த உலகத்தில் பாசத்தில் செய்யப்பட்ட சேதங்களைக் கணக்கெடுக்கத் தனி இலாகா வேண்டும்.

பொங்கலுக்குள் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் கூட்டம் தொடங்கிவிட்டது. ஈப்போ, கோலாலம்பூர் என்று எங்கிருந்தோ, தோலோடு ஒட்டிய கலர் கலர் உடுப்பில் வந்தார்கள். மேல் ரோட்டில் காடியை விட்டுவிட்டுச் சத்தம் போட்டுக்கொண்டே இறங்கினார்கள். வளைவில் மண் பெயர்ந்தது. காலிப் பாட்டில்கள் தேயிலைத் தூரில் முளைத்தன. ஒரு நாள் கூட்டத்தின் தலைவன் செல்லத்தைப் பார்த்து மணியடித்தான். திருமாறன் என்று பெயர். பல் டாக்டர், பேச்சில் மரியாதைக்குக் குறைவில்லை.

“அக்கா, கொஞ்சம் ஓரமா போங்க. இது பைக் டிரெயில்.”

செல்லம் தன் சைக்கிளைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். “இது என்னா, ஆடா?”

“இல்லக்கா, ஸ்பீடா வர்றவங்க இருக்காங்க. உங்களுக்கு அடிபட்டுடக் கூடாதுன்னுதான். செல்லம் அத்தை டிரெயில் இப்ப ரொம்ப பேமஸ்.”

“யாரு அந்தச் செல்லம்?”

“அந்தக் காலத்து வெள்ளைக்காரத் துரை வீட்டு ஆயாவாம். செத்து ரொம்ப நாளாச்சாம்.”

அன்றைக்கு வீடு வந்து சேர்ந்தபோது அவள் முகத்தைப் பார்த்து இராமையா தானாகவே எழுந்து போய்த் தேநீர் போட்டார்.

திங்கட்கிழமை மருந்து சாமான் கொட்டகையிலிருந்து ஒரு கட்டு மூங்கில் குச்சியும் சிவப்புத் துணியும் எடுத்துக்கொண்டு ஒன்பதாம் மலைக்குப் போனாள். மேலே ஒன்று, கீழே ஒன்று. ஆத்திரம் தீராமல் வளைவுக்கு வளைவு ஒன்று. ஒரு சொட்டு மருந்து அடிக்கவில்லை. இனி எவன் வருகிறான் பார்ப்போம் என்று கையைத் தட்டிக்கொண்டாள். பிறந்ததிலிருந்து தோட்டத்தில் இருக்கிறவள். சிவப்புத் துணியைப் பார்த்தும் உள்ளே வருகிற மனிதர் உலகத்தில் இருக்க முடியும் என்பது அவள் மண்டையில் ஏறவே வழியில்லை.

கொடிக்கு உடனே பலன் இருந்தது. கொழுந்து வெட்டும் ஆட்கள் அந்த மலைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஞாயிறு வந்தபோது திலகம் சைக்கிளை எடுக்கவில்லை.

“மருந்து அடிச்ச எடத்துல நான் வரமாட்டேன்டி. ஏற்கெனவே எனக்கு வீசிங்.”

உண்மையைச் சொல்லச் செல்லத்தின் வாய் திறந்தது. ரோஷம் அதை மூடியது. தனியாகக் கிளம்பினாள். தொட்டியருகே போனால், என்றைக்கும் இல்லாத கூட்டம்.

“அக்கா, தோட்டத்து ஆளுங்க சூப்பர்லா!” என்றான் திருமாறன். “போன வாரம் பாதிப் பேரு வழி தவறிட்டாங்க. இப்பக் கொடியப் பாத்துப் பாத்தே எறங்கிட்டோம். யாரு நட்டது, தெரியுமா?”

செல்லம் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு ஏறினாள். வாயில் வந்ததைச் சொல்லியிருந்தால் அச்சில் ஏற்ற முடியாது.

அடுத்த வாரம் வெளிவேலையை மேற்பார்க்கும் கிராணி ஹரிதாஸ் அவளைக் கூப்பிட்டார். படித்த பிள்ளை, சத்தம் போடத் தெரியாது.

“என்னக்கா, ஒன்பதாம் மலைல கொழுந்து முத்திக் கெடக்கு. கேட்டா கொடி இருக்குங்குறாங்க. எப்ப அடிச்சீங்க?”

“அடிக்கல. அடிக்கணும். பூச்சி இருக்கு. அதான் முன்கூட்டியே நட்டேன்.”

“அப்படியா? அப்ப மழை விட்ட உடனே அடிச்சிருங்க.”

பொய்யைக் காப்பாற்ற மருந்து கலக்க வேண்டியதாயிற்று. அந்த வாரம் மழை விடவே இல்லை. விட்டது சனிக்கிழமை மத்தியானம். ஓவர்டைம் போட்டு மலை முழுக்க அடித்து முடித்து, ஏற்கெனவே பறந்துகொண்டிருந்த கொடிகளுக்குக் கீழே நின்றபோதுதான் அவளுக்கு நாளை என்ன கிழமை என்பது உறைத்தது. இன்றைக்குக் கொடி சொல்வது சத்தியம். அதைக் கேட்க வேண்டியவர்களுக்கு அது ‘வாங்க, இப்படிப் போங்க’ என்று சொல்லும். அப்படிச் சொல்லக் கற்றுக்கொடுத்ததும் அவள்தான்.

ஞாயிறு விடிந்ததும் சைக்கிளை எடுத்தாள். ஒன்பதாம் மலைக்குள் போகக் கூடாது. மேல் ரோட்டைச் சுற்றினால் நேரமாகும். மிச்சம் இருந்தது குழாய்ப் பாதை. மரங்களுக்கு நடுவிலிருந்து அவள் பாய்ந்து வெளியே வந்தபோது, கூட்டம் தொட்டியருகே இறங்கி, தேயிலை தொடங்கும் இடத்தில் இருந்த கொடியை முதல் சக்கரம் தாண்டப் போய்க்கொண்டிருந்தது.

“நில்லுங்கடா!”

நின்றார்கள். அந்தக் குரலுக்கு மலையே நின்றிருக்கும்.

“கொடி நட்டிருக்கு, கண்ணு தெரியல? மருந்து! நேத்து அடிச்ச வெஷம்! எலையெல்லாம் ஈரம். கை காலெல்லாம் தொறந்து போட்டுக்கிட்டு உரசிக்கிட்டே போவீங்களா?”

திருமாறன் கொடியைப் பார்த்தான். “அக்கா, கொடின்னா வழின்னு...”

“கொடின்னா வராதன்னு அர்த்தம்! எங்க ஊருல சொந்தப் புத்தி உள்ளவன் எவனும் வரமாட்டான். ஏறுங்க, வந்த வழியே ஏறுங்க!”

வந்த வழி பெரணிச் சரிவு. இறங்கலாம், ஏறுவது சைக்கிளைத் தூக்கிக்கொண்டு வழுக்குமரம் ஏறுவதுபோல. ஏறட்டும் என்றுதான் நின்றாள். அப்போது கூட்டத்துக்குப் பின்னால் கல்லில் உட்கார்ந்திருந்த அம்மாள் ஒருவர் கண்ணில் பட்டார். ஓய்வுபெற்ற டீச்சர்போல இருந்தார். சரிவில் விழுந்து முழங்கால் வீங்கி, காலணியில் ரத்தம் வழிந்திருந்தது. அவர் ஒன்றும் கேட்கவில்லை. செல்லம் வெளியே வந்த மர இடைவெளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த அம்மாள் மேல் செல்லத்துக்கு வந்த கோபம் தனி ரகம்.

“வந்து தொலைங்க,” என்றாள். “போனை எல்லாம் அணைங்க. ஒருத்தன் போட்டோ எடுத்தான்னா ஏரியில தள்ளிருவேன்.”

அணைத்தார்கள். டீச்சரின் சைக்கிளை ஒருவன் உருட்ட, டீச்சரைச் செல்லம் தன் சைக்கிளில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு முன்னால் நடந்தாள். பின்னால் அந்தக் கலர் ஊர்வலம் பாசி மரங்களுக்கு நடுவே பேச்சடங்கி வந்தது. யாரோ ஒருவர், “அதைவிட இது நல்லாருக்குலா,” என்று மெதுவாகச் சொன்னார். செல்லம் காதில் விழாதவள்போல வேகமாகத் தள்ளினாள்.

லைனுக்குப் பின்னால் வந்து சேர்ந்ததும் திருமாறன் ஹெல்மெட்டைக் கழற்றிக் கும்பிட்டான். “பெரிய உதவிக்கா. உங்க பேரு?”

அவள் யோசிக்கவில்லை. “திலகம்.”

அப்போது அவன் மணிக்கட்டில் ஏதோ ‘டிங்’ என்றது. போனை அணைக்கச் சொன்னவள் கடிகாரத்தை மறந்துவிட்டாள்.

மறு ஞாயிறு காலை வாசலில் ரோஸ் கலர் சைக்கிள் வந்து நின்றது. திலகத்தின் முகம் கொடித் துணியின் நிறத்தில் இருந்தது.

“ஏன்டி, என் பேர்ல ஒரு பாதை இருக்காம். என் மக போன்ல காட்டுறா. ஊரே ஓட்டுது. நான் மட்டும் உன் கொடியப் பாத்து மூச்சப் புடிச்சிக்கிட்டு வீட்டுல கெடந்தேன். கிராணிக்கிட்ட நீ சொன்னதும் எனக்குத் தெரியும். அடிக்காத மருந்துக்குக் கொடியா? இனிமே உன் கொடிய எவடி நம்புவா?”

குச்சியும் துணியும்தான் அவளுக்குத் தோட்டத்தில் இருந்த மரியாதை.

“கொடிய நம்பு,” என்றாள் செல்லம். “என்னைய வேணா நம்பாத.”

“அது நான் எப்பவோ விட்டாச்சு. சைக்கிள எடு.”

“எங்க? ரெண்டு பாதையும் போச்சு.”

“மூணாவது ஒன்னை நீ ஒளிச்சு வெச்சிருப்பேல்ல?”

“இல்லடி. சத்தியமா.”

“அப்பத் தேடு. நீ தொலைச்சது.”

இரண்டு பேரும் கத்திக்கொண்டே கிளம்பினார்கள். மோட்டாரைத் துடைத்துக்கொண்டிருந்த இராமையா தலை நிமிர்ந்து, எந்தப் பக்கம் போகிறீர்கள் என்று கேட்டார்.

“தெரியாது!” என்றார்கள், ஒரே நேரத்தில், அவர்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்பதுபோல.