தேஞ்சு போன மியூட் பட்டன்

வீட்டு டிவி ரிமோட் சரியா வேலை செய்யல. சாயந்திரம் ஆபீஸ் விட்டு வர்ற வழியில தேரடி வீதியில ஒரு ரிப்பேர் கடையில குடுத்தேன்.

"எங்க வீட்டம்மா ஓயாம சீரியல் பாக்குறாங்க. சேனல் மாத்தி மாத்தியே பட்டன் தேஞ்சிருக்கும்"னேன்.

நான் நியூஸ் மட்டும் பாக்குற ஆளு. அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் ஜாஸ்தி.

கடைக்காரர் ரிமோட்டைத் திறந்து, உள்ள இருந்த ரப்பரை வெளிச்சத்துல பாத்தார்.

"சேனல் பட்டன்லாம் நல்லாதான் இருக்கு சார். மியூட்தான் சுத்தமா தேஞ்சு போச்சு. யாரு சார் இத்தனை தடவ அமுக்குறது?"

நான் அதை அமுக்குனதே இல்ல. நியூஸ் ஓடும்போது அவ ஏதாவது சொல்ல வந்தா, "இரு, இரு"னு கையைக் காட்டுவேன். விளம்பரம் வர்றதுக்குள்ள அவ சமையல்கட்டுக்குப் போயிருப்பா.

"நாளைக்கு வாங்க, புது ரப்பர் போட்டுத் தரேன்"னார்.

வேங்கிக்கால்ல இருக்குற எங்க வீட்டுக்கு வந்து சேந்தேன். சீரியல் சத்தம் வாசல் வரைக்கும் கேட்டுது. நான் உள்ள நுழைஞ்சதும் அவ எழுந்துபோய், டிவி பக்கத்துல குனிஞ்சு, பட்டனைத் தேடி சத்தத்தைக் குறைச்சா.

"சொல்லுங்க, இன்னிக்கு ஆபீஸ்ல என்ன ஆச்சு?"

நான் பையை வெச்சுட்டு அவ பக்கத்துல போய் உக்காந்தேன்.

உங்க வீட்டு ரிமோட்ல எந்த பட்டன் தேஞ்சிருக்கு? யாரு தேச்சதுன்னும் சேத்துச் சொல்லுங்க.