பெட்டிக்குள் தூங்கிய விருந்தாளி

தொலைக்காட்சிக்கு எழுத வருவதற்கு முன்னால் அவள் ஒரு சலவை இயந்திரக் கம்பெனியில் கையேடு எழுதிக்கொண்டிருந்தாள். தண்ணீர் வடியாவிட்டால் எதைக் கழற்றுவது, கதவு திறக்காவிட்டால் எங்கே அழுத்துவது என்றெல்லாம் எழுதுகிற வேலை. யாரும் படிக்கப்போவதில்லை என்று தெரிந்தும் ஒழுங்காகத்தான் எழுதினாள்.

பிறகு ஒரு விண்கப்பல் தொடரில் உதவி எழுத்தாளராகச் சேர்ந்தாள். வீட்டுக்கு வீடு ஓடிய தொடர் அது. பளபளவென்று ஒரு கப்பல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கும் கமாண்டர், வாரம் ஒரு கிரகம், வாரம் ஒரு சண்டை. கமாண்டருக்கு வசனம் எழுத மற்றவர்கள் அடித்துப்பிடித்துக்கொண்டு நின்றபோது அவள் வேறொன்றை யோசித்தாள். இப்படி அடிபட்டு வருகிற கப்பலை எல்லாம் யார் உட்கார்ந்து சரிசெய்வது?

அதிலிருந்து பிறந்ததுதான் கிளைத் தொடர். அதே உலகம், அதே காலம். ஆனால் கதை நடப்பது யாரும் எட்டிப்பார்க்காத மூலையில் மிதக்கும் ஒரு பழுதுபார்ப்பு நிலையத்தில். அதை நடத்துகிறவள் ஒரு மெக்கானிக். முன்கோபி. யாருக்கும் சலாம் போடாதவள். சேனல் சம்மதித்த அன்று எழுத்தாளருக்குக் கால் தரையில் பாவவில்லை. மெக்கானிக்காக நடிக்க, தாய்த் தொடரில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றே அலுத்துப்போன ஒரு நடிகை கிடைத்தாள்.

"அக்கா, ஒரு பக்கம் முழுக்க எனக்கே வசனம் வந்திருக்கு. ஏதும் தப்பா அச்சாயிடலயே?" என்று காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

முதல் சில வாரங்கள் நன்றாகத்தான் போயின. அப்புறம் சேனலின் நிகழ்ச்சித் தலைவர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். அவர் எதைப் பேச ஆரம்பித்தாலும் பார்வையாளர் எண்ணிக்கையில் வந்து முடிப்பார். அதனால் முதுகுக்குப் பின்னால் அவருக்கு 'ரேட்டிங் சார்' என்று பெயர்.

"பெரிய தொடர்லேர்ந்து வாரத்துக்கு ஒருத்தர உள்ள விடுவோம். விருந்தாளி மாதிரி வந்துட்டுப் போகட்டும். முதல்ல கப்பல் டாக்டர்."

"டாக்டர் எதுக்கு சார் மெக்கானிக் கிட்ட வர்றாரு?"

"அதத்தான நீங்க எழுதணும்!"

டாக்டர் வந்தார். மெக்கானிக்கின் கையில் ஒரு தீக்காயத்தை வேண்டுமென்றே உண்டாக்க வேண்டியிருந்தது. அவர் மருந்து போட்டார், வாழ்க்கையைப் பற்றி நாலு வார்த்தை சொன்னார், போனார். அடுத்து பச்சைத்தோல் தூதர் வந்தார். அப்புறம் கப்பலின் வழிகாட்டி வந்தாள். ஒவ்வொருவரும் வருவார்கள், மெக்கானிக்குக்கு முடியாததை முடித்துவைப்பார்கள், இசை பொங்கும். மெக்கானிக் ஓரமாக நின்று வியக்க வேண்டும்.

"வாய தொறந்து பாத்துப் பாத்து எனக்குத் தாடையே வலிக்குதுக்கா," என்றாள் நடிகை. "நான் இந்தக் கடைக்கு முதலாளியா, வாட்ச்மேனா?"

எழுத்தாளருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் யாரிடம் போய்க் கத்துவது? அந்த நேரம் பார்த்துத்தான் ரேட்டிங் சார் பெரிய குண்டைத் தூக்கிப் போட்டார். அடுத்த விருந்தாளி கமாண்டர்.

அவள் நன்றாக யோசித்து ஒரு காரியம் செய்தாள். கதையில் கமாண்டர் வருவார். ஆனால் ஆளை உறையவைத்துத் தூங்கவைக்கிற உறைதூக்கப் பெட்டிக்குள் வருவார். பழுதான பெட்டி ஒன்று மிதந்து வந்து நிலையத்தில் முட்டும். உள்ளே அவர் தூங்குவார். அதைச் சரிசெய்து முடிக்கும்வரை எழுப்பினால் ஆளுக்கு ஆபத்து. எபிசோட் முடிகிறவரை வேலை முடியாது. மெக்கானிக் திருப்புளியும் கையுமாகப் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வேலை செய்துகொண்டே அவரிடம் பேசுவாள். இத்தனை வருஷம் அவர் உடைத்ததை எல்லாம் யார் ஒட்டவைத்தது என்று கேட்பாள். கையேடு எழுதிய காலத்திலிருந்து எழுத்தாளர் மனதுக்குள் அடக்கிவைத்திருந்த அத்தனையும் அந்தப் பேச்சில் வந்து விழுந்தது.

ரேட்டிங் சார் குதிகுதியென்று குதிப்பார், விருந்தாளித் தொல்லையும் அத்தோடு ஒழியும் என்று காத்திருந்தாள். அவர் படித்துவிட்டு மேஜையைத் தட்டினார்.

"பிரமாதம்மா! எப்ப முழிப்பாரு, எப்ப முழிப்பாருன்னு சனம் தவிச்சுக் கிடக்கும்!"

கமாண்டராக நடித்தவர் நல்ல மனிதர். வயதாகிவிட்டது, முதுகுவலி வேறு. பெட்டிக்குள் மெத்தையைத் தொட்டுப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "இவ்வளவு வருஷத்துல நிக்க வெச்சே கொன்னாங்கம்மா. படுக்க வெச்சது நீங்க ஒருத்தர்தான்," என்று எழுத்தாளரைக் கையெடுத்துக் கும்பிட்டார். படப்பிடிப்பில் நிஜமாகவே தூங்கிப்போய்க் குறட்டை விட்டார். ஒலிப்பதிவாளர் இரண்டு தடவை போய்த் தட்ட வேண்டியிருந்தது.

நடிகை அந்தப் பேச்சை ஒரே மூச்சில் பேசி முடித்தாள். ஒப்பனைக்கார அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னிக்குத்தான்டி நீ நடிச்ச," என்றாள்.

ஒளிபரப்பான அன்று எழுத்தாளர் தன் அம்மாவோடு உட்கார்ந்து பார்த்தாள். பேச்சு தொடங்கியது. நடிகையின் முகம் ஒரு நொடி தெரிந்தது. அப்புறம் கேமரா கமாண்டரின் முகத்துக்குப் போனது, போனது போனதுதான். மூடிய இமை, நரைத்த மீசை, கண்ணாடியில் படியும் மூச்சு. வயலின் இசை எழுந்தது. நடிகையின் குரல் அதற்கு அடியில் பக்கத்து வீட்டுச் சத்தம்போல ஓடிக்கொண்டிருந்தது.

"அம்மா, அவ பேசுறாளே, காதுல விழுதா?"

"ஷ்ஷ்! சும்மா இருடி. கண்ணு லேசா அசையுது பாரு. தூங்கும்போதும் என்ன ஒரு கம்பீரம்!"

மறுநாள் பேப்பரிலும் போனிலும் அதே பேச்சு. தூங்கியே அசத்திய கமாண்டர்! எண்ணிக்கை எகிறியிருந்தது. எழுத்தாளர் நேரே ரேட்டிங் சார் அறைக்குப் போனாள்.

"வசனத்த எல்லாம் வெட்டிட்டீங்களே சார்."

"எங்கம்மா வெட்டினோம்? பின்னாடி ஓடுதே. அத விடுங்க, நல்ல சேதி சொல்றேன். அடுத்த சீசனும் உண்டு. கமாண்டர் முழிச்சு எந்திரிச்சு அந்த நிலையத்தையே எடுத்து நடத்துறாரு."

"அப்ப மெக்கானிக்?"

"அவங்க எங்கயாவது தொலைதூரம் போகட்டும். அப்பப்ப விருந்தாளியா வந்து தலை காட்டட்டும்."

அவள் வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னாள். அவர் தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார், அவ்வளவுதான்.

நடிகைக்கு அவளே போன் செய்து சொன்னாள். அந்தப் பக்கமிருந்து சண்டையாவது அழுகையாவது வரும் என்று எதிர்பார்த்தாள். நடிகையோ, "எத்தன சீன்க்கா?" என்று கேட்டாள்.

"ரெண்டு."

"பரவால்ல. ரெண்டையும் நல்லா எழுதிக் குடுங்க."

அந்தக் குரலைக் கேட்ட பிறகு வேலையை விட மனம் வரவில்லை. எந்தக் காட்சிக்கும் மெனக்கெடாத அளவு மெனக்கெட்டு அந்த இரண்டையும் எழுதினாள். இரண்டையும் எடுத்தார்கள். ஒன்றுதான் ஒளிபரப்பானது. மற்றது நீளம் என்று போய்விட்டது.

அன்றே ராஜினாமா எழுதிக்கொண்டு போய் ரேட்டிங் சார் முன்னால் வைத்தாள். அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார். எழுந்து வாசல்வரை கூடவே வந்தார்.

"கோவத்துல போறீங்க. போயிட்டு வாங்கம்மா. எப்பவாவது ஒரு எபிசோட் வந்து எழுதிக் குடுங்க, விருந்தாளியா."

லிஃப்டுக்குக் காத்திருந்தால் அழுதுவிடுவோம் என்று பயந்து படியிறங்கினாள்.

இப்போது வீட்டில் உட்கார்ந்து புதிதாக ஒன்று எழுதுகிறாள். இதுவரை எந்தச் சேனலும் கேட்கவில்லை. நடிகைக்கு வேறொரு தொடரில் சின்ன வேலை கிடைத்திருக்கிறது. அவ்வப்போது போனில் பேசிக்கொள்கிறார்கள். அம்மா இன்னும் வாரம் தவறாமல் கமாண்டரைப் பார்க்கிறாள். முகப்பு இசை கேட்டதும் எழுத்தாளர் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திக்கொள்வாள்.

"சத்தத்தக் கொறைக்கட்டுமாடி?" என்று அம்மா கேட்பாள்.

"வேணாம்மா, பாரு," என்று உள்ளிருந்தே பதில் வரும்.