லேபர் ரூமுக்குள்ள யார் போறது

எங்க சின்னவளுக்கு, அதாவது என் கொழுந்தனார் சம்சாரத்துக்கு, பிரசவ வலியக் கண்டு பயமில்லையாம். லேபர் ரூமுக்குள்ள தனியாக் கெடக்கணுமேங்கறதுதான் பயம். அவ அப்படித்தான். கல்யாணமாகி எங்க அரியலூர் வீட்டுக்கு வந்த புதுசுல, மாடியில துணி காயப்போடக்கூட "அக்கா, சும்மா கூட வாங்களேன்"னு என்னைக் கூப்பிட்டுக்கிட்டுத்தான் போவா. நானும் போவேன். துணிய நான் காயப்போடுவேன், அவ சும்மா கூட இருப்பா.

முழுகாம இருக்கான்னு தெரிஞ்ச நாள்லேருந்து போனும் கையுமா உக்காந்துட்டா. ஒரு ஞாயித்துக்கெழம என்னையும் எங்க மாமியாரையும் கூப்பிட்டு வெச்சு வெளக்கம் சொன்னா. டூலான்னு ஒருத்தங்க இருக்காங்களாம். மாசமா இருக்கறப்பலேருந்து கூடவே வருவாங்களாம். வலி வந்தா கையப் புடிச்சிக்குவாங்க, முதுகத் தேச்சு விடுவாங்க, தைரியம் சொல்லுவாங்க. கொழந்த பொறந்த பெறகும் வந்து பாத்துக்குவாங்க. மெட்ராஸ்ல எல்லாம் காசு குடுத்து வெச்சுக்கறாங்களாம்.

எங்க அத்தை முருங்கக்கீரை ஆஞ்சுக்கிட்டு இருந்தாங்க. "டாக்டருங்களா அவங்க?"ன்னு கேட்டாங்க.

"இல்லத்த."

"நர்சா?"

"நர்சும் இல்ல."

"அப்ப கையப் புடிக்க மட்டும் ஒரு ஆளு."

"ஆமாத்த."

அத்தை ஒரு காம்ப ஒடிச்சுப் போட்டாங்க. "நல்ல உத்தியோகம்தான்"னு சொல்லிட்டு கீரைய ஆய ஆரம்பிச்சுட்டாங்க.

சின்னவ என் பக்கம் திரும்பி, "எனக்கு நீங்கதான்க்கா டூலா"ன்னா. எனக்கு இதுல என்ன அனுபவம்னு கேக்கறீங்களா? நான் ஜவுளிக்கடையில நிக்கிறவ. கடையில இருக்கற சேலையெல்லாம் பிரிச்சுப் போட வெச்சுட்டு "அப்புறமா வரோம்"னு எந்திரிச்சுப் போறவங்கள, "வாங்கம்மா"ன்னு சிரிச்சுக்கிட்டே வழியனுப்பறவ. இதுக்கு மேல பொறுமைக்கு என்ன படிப்பு வேணும்? சரின்னுட்டேன்.

இங்க ஒண்ணச் சொல்லிடறேன். எனக்குப் பிள்ளை இல்ல. கல்யாணமாகிப் பன்னெண்டு வருசம் ஆகுது. அந்தக் கதைய நான் சொல்லவே வேணாம், எங்க தெருவுல யாரக் கேட்டாலும் என்னைய விட நல்லாச் சொல்லுவாங்க.

எங்க அத்தை மட்டும் அதப் பத்தி என்னை ஒரு நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்ல. சொல்ல மாட்டாங்க, ஏற்பாடு பண்ணிடுவாங்க. சொந்தத்துல யாருக்காவது வளைகாப்புன்னா அன்னிக்கு எனக்கு அடுப்படியில அவ்வளவு வேலை முளைக்கும். "நீ கலந்தாத்தான்டி புளிச்சோறு புளிச்சோறா இருக்குது"ம்பாங்க. வளையல் போட்டு, நலங்கு வெச்சு, எல்லாரும் எந்திரிச்ச பெறகுதான் என் புளிச்சோறு எறங்கும். எனக்குப் புரியாம இல்ல. கோவம் வந்தா கொஞ்சம் உப்பக் கூடப் போட்டுடுவேன், அவ்வளவுதான்.

சின்னவ வளைகாப்பன்னிக்கும் அதே மாதிரிதான். கூடத்துல சிரிப்புச் சத்தம், அடுப்படியில நான். திடீர்னு பாத்தா அவ வயித்தத் தூக்கிக்கிட்டு, ரெண்டு கையிலயும் முழங்கை வரைக்கும் வளையலோட வந்து நிக்கறா. "எடமே இல்லக்கா, எப்படியாச்சும் ரெண்டு போட்டு விடுங்க"ன்னா. பின்னாடியே அத்தை வந்துட்டாங்க. அத்தை அவளப் பாத்தாங்க, என்னப் பாத்தாங்க. "எண்ணெ காயுது, அடுப்ப அணைச்சுட்டுப் போடு"ன்னுட்டுப் போயிட்டாங்க. நான் போட்டேன். ஒரு வளையல் ஒடைஞ்சே போச்சு. அவ "இன்னொன்னு போடுங்க"ங்கறா.

அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் என் உத்தியோகம் ஜோராத்தான் நடந்துச்சு. ஸ்கேனுக்குப் பெரம்பலூர் பஸ்ஸுல நான்தான் கூட்டிட்டுப் போவேன். சிமெண்டு லாரி ஒவ்வொண்ணு தாண்டறப்பவும் முந்தானையால ரெண்டு பேர் மூக்கயும் பொத்துவேன். சாயங்காலம் மாடியில நடை. அப்பறம் வீடியோ பாத்து மூச்சுப் பயிற்சி. ரெண்டு பேரும் எதிர் எதிரா உக்காந்து உஸ்ஸு உஸ்ஸுன்னு விட்டுக்கிட்டு இருந்தா, கீழேருந்து அத்தை, "யாருக்குடி வீசிங்கு?"ன்னு கத்துவாங்க.

எல்லாம் நல்லாப் போச்சு. ஏழாம் மாசம் செக்கப்புக்குப் போனப்ப ஆஸ்பத்திரியில ஒரு சிஸ்டர் எல்லாரையும் உக்கார வெச்சு, பிரசவத்தப்ப உள்ள ஒரு பொம்பள துணைக்கு இருக்கலாம்னாங்க. சின்னவ என் தொடையக் கிள்ளறா சந்தோசத்துல. அடுத்த வார்த்தை, "துணைக்கு வர்றவங்க பிள்ளை பெத்தவங்களா இருக்கணும். பெறாதவங்க பாத்தா பயந்துருவாங்க."

கிள்ளுன கை அப்படியே நின்னுச்சு. எனக்கு மூஞ்சி சுருங்கிப் போச்சு, மறைக்க என்ன இருக்கு. பஸ்ஸுல திரும்பறப்ப நான்தான் பேச்ச ஆரம்பிச்சேன். "ஒங்க அம்மா வருவாங்கல்ல, அப்பறம் என்னடி?"ன்னேன். அவ சன்னல் பக்கம் திரும்பிக்கிட்டு, "எங்கம்மா என்னைய விடப் பயந்தாங்கொள்ளிக்கா"ன்னா.

அதுல பொய்யில்ல. அவங்க அம்மா செட்டிகுளத்துல வெங்காயக் காட்டுக்காரங்க. நல்ல மனுசி, ஆனா எடுத்ததுக்கெல்லாம் கண்ணு கலங்கும். அவங்க அழறதுல எது வெங்காயம், எது வருத்தம்னு பிரிச்சுச் சொல்ல முடியாது. பொண்ணத் தலைப்பிரசவத்துக்குக் கூட்டிட்டுப் போறப்ப அழுதாங்க, பஸ்ஸு வரலன்னு அழுதாங்க, வந்துருச்சுன்னும் அழுதாங்க.

ஒரு நாள் காலையில நான் கடைக்குக் கெளம்பறப்ப செட்டிகுளத்துலேருந்து போன். பனிக்குடம் ஒடைஞ்சு பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறாங்களாம். கொழுந்தனார் சிமெண்டு ஆலை ஷிப்டுலேருந்து அப்படியே வந்தாரு, புருவத்துல தூசியத் தட்டக்கூட இல்ல. நானும் அத்தையும் அவரும் காருல போய்ச் சேந்தப்ப வலி நல்லா வந்துருச்சு. சின்னவளோட அம்மா துணைக்கு உள்ள போயிருந்தாங்க.

நாங்க பெஞ்சுல உக்காந்துக்கூட இருக்க மாட்டோம், அம்மாவ வெளிய அனுப்பிட்டாங்க. மக ஒரு மொனகல் மொனகுனா இவங்க ஓன்னு அழுதுருக்காங்க. "பிரசவம் ஒங்களுக்கா அந்தப் புள்ளைக்கா?"ன்னு சிஸ்டர் கேட்டதச் சொல்லிச் சொல்லி வெளியவும் அழுதாங்க.

அடுத்தது எங்க அத்தை. சேலைய இழுத்துச் சொருகிக்கிட்டு, சண்டைக்குப் போற மாதிரி போனாங்க. உள்ள என்ன நடந்துச்சுன்னு பெறகு தெரிஞ்சுச்சு. ஒவ்வொரு வலிக்கும் அத்தை ஒரு கதை சொல்லிருக்காங்க. நாத்து நட்டுட்டு வந்து பெரியவனப் பெத்தது, வயக்காட்டுக்குச் சோறு கட்டிக்கிட்டு இருக்கறப்பவே சின்னவன் வந்துட்டது, யாரும் இந்தக் காலத்துப் புள்ளைங்க மாதிரி கத்துனதில்ல, இத்யாதி. அவ பல்லக் கடிச்சுப் பாத்துருக்கா. முடியல. "அத்தை, தயவு பண்ணி வெளிய போங்க!"ன்னுட்டா.

மாமியாரப் பாத்து! அத்தை கதவத் தொறந்துக்கிட்டு வந்தாங்க. மூஞ்சியில ஈயாடல. எங்க கிட்ட, "என்னை வெளிய போகச் சொல்லிட்டா"ன்னாங்க. கொஞ்சம் பொறுத்து, "வலியில சொல்லுறா, பாவம்"னாங்க. எனக்குச் சிரிப்பு வேற வந்து தொலைச்சுச்சு. கொழுந்தனார் செவத்தப் பாத்துத் திரும்பி நின்னுக்கிட்டாரு.

அப்பத்தான் அவ கத்துனது கேட்டுச்சு. "அக்கா! அக்கா!"ன்னு. எனக்குச் சிரிப்பெல்லாம் எங்க போச்சோ தெரியல. உள்ள போக முடியாம பெஞ்சுலயே கெடந்தேன். வர்றேன்னு சொன்னவ நான். அவ தனியாத்தான் கெடக்கா.

சிஸ்டர் வெளிய வந்தாங்க. "யாருங்க அந்த அக்கா? கட்டில் கம்பியப் புடிச்சுக்கிட்டு விடவே மாட்டேங்குது, சொல்றத ஒண்ணும் கேக்க மாட்டேங்குது. இப்படி ஒத்துழைக்காம இருந்தா கொழந்தைக்கு நல்லதில்ல."

எந்திரிச்சேன். சிஸ்டர் என்ன மேலேருந்து கீழ பாத்துட்டு, "ஒங்களுக்கு எத்தன பிள்ளைங்க?"ன்னாங்க.

நாள் முழுக்கப் பேசியே பொழைக்கிறவ நான். வாயத் தொறந்தேன், மூடுனேன்.

"ரெண்டு"ன்னு பின்னாடியிருந்து ஒரு குரல். அத்தை.

எங்க அத்தையப் பத்தி ஒங்களுக்குத் தெரியாது. சீட்டுக்காரர் பணம் கேட்டு வந்து நிக்கறாரு, மூத்த மகன், அதான் எங்க வீட்டுக்காரரு, உள்ள ஒளிஞ்சுக்கிட்டு கையக் கையக் காட்டறாரு, "உள்ளதான் இருக்கான், ஒளிஞ்சுக்கிட்டு இருக்கான்"னு சொல்ற ஆளு. அந்த மனுசி எந்திரிச்சு நின்னு, கண்ணு இமைக்காம, "மூத்தது பொண்ணு, ஆறாவது படிக்குது. அடுத்தது பையன், மூணாவது"ங்கறாங்க. கொழுந்தனார் வாயப் பொளந்துட்டாரு. செட்டிகுளத்தம்மாவுக்கு அழுகையே நின்னு போச்சு.

"அப்பச் சீக்கிரம் வாங்க"ன்னு சிஸ்டர் என் கையப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் போயிட்டாங்க.

உள்ள நான் பெருசா ஒண்ணும் பண்ணல. கம்பியிலேருந்து அவ வெரல ஒவ்வொண்ணா எடுத்து என் கையப் புடிச்சுக்க வெச்சேன். அவ்வளவு நேரம் கம்பி பட்ட பாட்ட அப்பறம் நான் பட்டேன். இடுப்பத் தேச்சு விட்டேன். தண்ணி குடுத்தேன். "மூச்ச விடுடி, உஸ்ஸுன்னு விடு"ன்னேன். "நீங்களும் விடுங்க"ன்னா, விட்டேன். நடுவுல, "முடியலக்கா, வூட்டுக்குப் போயிடலாம்"னா. "இரு, பாப்பாவையும் கூட்டிக்கிட்டே போயிடலாம், அது பொறப்பட்டுருச்சு"ன்னேன். அந்த வலியிலயும் சிரிச்சா. சிஸ்டர் முக்கச் சொன்னப்ப என்னப் பாத்துக்கிட்டே முக்குனா. நான் பயந்தேன், இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்தப் பக்கம் பாக்கவே எனக்கு நேரமில்ல, அவ மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்.

பொண்ணு. சிஸ்டர் தூக்கி அவ நெஞ்சுமேல போட்டாங்க. அது கத்துன கத்துல எனக்கு அழுகை வந்துருச்சு. செட்டிகுளத்தம்மா தோத்தாங்க போங்க, அப்படி அழுதேன்.

அதோட விட்டுச்சா? சீம்பால் குடுக்கணுமே. கொழந்த வாய வெக்குது, வழுக்குது, கத்துது. சின்னவளும் கூடச் சேந்து அழறா. சிஸ்டருக்கு அடுத்த கட்டில்ல வேலை. "நீயே சொல்லிக் குடும்மா, ரெண்டு பெத்தவதானே"ன்னாங்க.

"மறந்து போச்சுங்க சிஸ்டர்"ன்னேன்.

சிஸ்டர் கையத் தொடைச்சுக்கிட்டே என்ன ஒரு பார்வை பாத்தாங்க. அவங்களுக்குப் புரிஞ்சுபோச்சுன்னுதான் நெனக்கிறேன். ஒண்ணும் கேக்கல. கிட்ட வந்து, "சரி, ஞாபகப்படுத்தறேன், ரெண்டு பேரும் பாருங்க"ன்னாங்க. கொழந்த வாயப் பெருசாத் தொறக்க விட்டு, நல்லா உள்ள வெச்சு, தலையத் தாங்கிப் புடிக்கறது எப்படின்னு பொறுமையாக் காட்டுனாங்க. மூணாவது தடவையில கப்புன்னு புடிச்சுக்கிச்சு.

சின்னவ கண்ணசந்ததும் வெளிய வந்தேன். கொழுந்தனார் எல்லாருக்கும் போன் போட்டுக்கிட்டு இருந்தாரு. செட்டிகுளத்தம்மா மகளப் பாக்க உள்ள போனாங்க. அத்தை மட்டும் பெஞ்சுல, கால மடக்கிக்கிட்டு உக்காந்துருந்தாங்க. பக்கத்துல உக்காந்தேன். சும்மா இருக்க முடியுமா என்னால?

"நல்லாப் பொய் சொல்றீங்கத்த. நாக்கு கூசலயா?"ன்னேன்.

அத்தை சேலையில ஒட்டியிருந்த நூலப் பிய்ச்சுப் போட்டாங்க.

"அதுலயும் ஆறாவதா? ஒண்ணாவதுன்னு சொல்லியிருந்தா எனக்கும் கொஞ்சம் வயசு கொறைஞ்சிருக்கும்ல?"

"ஆறாவதுதான்"னாங்க அத்தை. என்னப் பாக்காம, எதுத்த செவத்தப் பாத்துக்கிட்டே பேசுனாங்க. "கல்யாணமான மறு வருசம் பொறந்திருந்தா இப்ப ஆறாவதுதான் படிக்கும். அடுத்தது மூணு வருசம் கழிச்சு. அதுக்கு முன்னாடின்னா ஒன் ஒடம்பு தாங்காது."

நான் அவங்களயே பாத்தேன்.

"வருசா வருசம் பள்ளிக்கூடம் தொறக்கறப்ப நெனச்சுக்குவேன், இந்த வருசம் எத்தனாவதுன்னு. அவங்க கேட்டாங்க, இருந்ததச் சொல்லிட்டேன்."

பன்னெண்டு வருசமா அந்த ரெண்டையும் நான் மட்டுந்தான் மனசுல வளத்துக்கிட்டு இருக்கேன்னு நெனச்சிருந்தேன். அத்தை தோள்ல மூஞ்சிய வெச்சு அழுதேன். அவங்க தட்டிக்கூடக் குடுக்கல, அசையாம உக்காந்துருந்தாங்க.

உள்ளேருந்து கொழந்த அழற சத்தம் கேட்டுச்சு, கூடவே அக்கான்னு சின்னவ குரல். எந்திரிச்சுக் கண்ணத் தொடைச்சுக்கிட்டு, "நீங்களும் வாங்கத்த, பேத்தியப் பாக்க வேணாமா?"ன்னேன்.

"பாக்கறேன், நீ மொதல்ல போ. ஒன்னத்தானே கூப்புடறா"ன்னாங்க.