மருதாத்தாள் இடித்த தீபாவளிப் பலகாரம்

மருதாத்தாளுக்குப் பாகு மட்டும் கைவரவில்லை. களை எடுப்பாள், கதிர் அறுப்பாள், ஆள் வராத நாளில் கிணற்றடியில் தண்ணீர் இறைக்கிற கவலை மாட்டைக்கூட ஓட்டிவிடுவாள். ஆனால் வாணலியில் வெல்லம் கொதிக்கத் தொடங்கினால் போதும், அவளுக்கு ஏதாவது ஒரு கதை ஞாபகம் வந்துவிடும். பாதியில் நிறுத்துகிற பழக்கம் அவளுக்கு இல்லை. சொல்லி முடித்துத் திரும்பிப் பார்த்தால் பாகு தன் போக்கில் போயிருக்கும்.

ஆனைமலைப் பக்கத்திலிருந்து பெருமாட்டி ஊருக்கு வாக்கப்பட்டு வந்த முதல் தீபாவளியிலேயே சங்கதி தெரிந்துபோயிற்று. மாமியார் சுப்பாத்தாள், அதிரசத்துக்குப் பாகு வைக்கும்படி மருமகளிடம் சொல்லிவிட்டு மாவு சலிக்க உட்கார்ந்தாள். மருதாத்தாள் கிண்டிக்கொண்டே நாத்தனார் கமலாத்தாளிடம் பேச்சுக் கொடுத்தாள். மருதாத்தாளுடைய சித்தப்பா கல்யாணத்தில் மாப்பிள்ளை வண்டியின் அச்சு முறிந்துவிட, அவர் எருமை மேல் ஏறி வந்தாராம். அந்த எருமை வழியில் குளத்தைப் பார்த்துவிட்டதாம். குளத்துக் கட்டம் வந்தபோது கரண்டி அசையவில்லை. தூக்கிப் பார்த்தாள். கரண்டியோடு வாணலியும் சேர்ந்து வந்தது.

புருஷன் காளிச்சாமி வாணலியைக் களத்துக்குக் கொண்டுபோய்க் கோடாலியின் பின்பக்கத்தால் தட்டித் தட்டிப் பாகைப் பெயர்த்தான். அதில் ஒரு துண்டை வாயில் அடக்கிக்கொண்டு அன்றைக்கெல்லாம் திரிந்தான்.

“நல்லாத்தான் இருக்குது புள்ள,” என்றான் மனைவியிடம். “கரையறதுக்குத்தான் நாளாகும்போல.”

அடுத்த வருஷம் மருதாத்தாள் வாயை இறுக்க மூடிக்கொண்டு அடுப்படியில் நின்றாள். இந்தத் தடவை பயத்தில் பாகைச் சீக்கிரமே இறக்கிவிட்டாள். அதிரசம் எண்ணெயில் விழுந்ததும் கலைந்து, சட்டி முழுக்கத் தவிட்டு நிறத்தில் நுரைத்துக்கொண்டு நின்றது. சுப்பாத்தாள் திட்டவில்லை. “நீ உரல் பக்கமே இருந்துக்க கண்ணு,” என்றாள். அதுமுதல் நோம்பி, பண்டிகை என்று வந்தால் அடுப்பு மாமியாருக்கு, உலக்கை மருமகளுக்கு என்றாகிவிட்டது. சந்தைக்குப் போய்வரும் வழியில் மற்ற பெண்கள், “நீ என்ன பலகாரம் செஞ்சே?” என்று கேட்பார்கள். “இடிச்சேன்” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போவாள். ஆனால் வீடு போய்ச் சேருகிறவரை அவள் பேசாமல் நடந்தால் அதுதான் காரணம் என்று கூடவருகிற காளிச்சாமிக்குத் தெரியும்.

இப்படிச் சில வருஷம் போயிற்று. கமலாத்தாள் கல்யாண வயசுக்கு வந்தாள். கொழிஞ்சாம்பாறையைத் தாண்டி அக்கட்டால் தென்னந்தோப்பும் வயலுமாக இருக்கிற குடும்பத்தில் அர்த்தநாரி என்று ஒரு பையன். தீபாவளிக்கு மறுநாள் பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

அந்த ஐப்பசியில் மழை விடவே இல்லை. நோம்பிக்கு முந்தின நாள் காலை சமையலறையின் மண்சுவர் ஊறி, பொதபொதவென்று அடுப்பு மேலேயே சரிந்தது. பின்னால் அடுக்கியிருந்த விறகும் அதோடு சேற்றில் போயிற்று. நல்லவேளை, உள்ளே யாரும் இல்லை. தொழுவத்தின் மூலையில் மூன்று கல்லைக் கூட்டித் தேங்காய் மட்டையை எரித்து ஒருவழியாகச் சோறு வடித்தார்கள். அது எரிந்ததைவிடப் புகைந்ததுதான் அதிகம். அந்தத் தீயில் எண்ணெய்ச் சட்டி வைக்கிற பேச்சுக்கே இடமில்லை.

சுப்பாத்தாள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். “நோம்பி நாளும் அதுவுமா வர்றவங்களுக்கு ஒரு அதிரசம் வைக்காத ஊடா நம்ம ஊடு? வர வேண்டாமுன்னு சொல்லி உட்ருடா காளி.”

“இந்த மழையில யாரையம்மா அனுப்பறது? அவங்க கெளம்பியே வந்துருவாங்க,” என்றான் காளிச்சாமி.

கமலாத்தாள் புதுச்சேலையை மடித்துத் திரும்பவும் பெட்டியில் வைத்தாள். மருதாத்தாள் அதைப் பார்த்துவிட்டாள்.

“அத்தை, அடுப்பு எதுக்குங்க?” என்றாள்.

“அடுப்பில்லாம என்ன பலகாரம் புள்ள?”

“மாரியாத்தாளுக்கு மாவெளக்கு எடுக்கறமே, அதை எந்த அடுப்புல வெச்சோமுங்க? பச்சரிசிய ஊறவெச்சு இடிச்சு, வெல்லம் போட்டுப் பெசைஞ்சு அப்படியேதானுங்க கொண்டுபோறோம். சாமிக்கு ஆகறது சம்பந்திக்கு ஆகாதுங்களா?”

சுப்பாத்தாள் மருமகளை நிமிர்ந்து பார்த்தாள். தலையிலிருந்து கையை எடுத்தாள்.

வீட்டில் என்ன இருக்கிறது என்று மருதாத்தாள் பானை பானையாகக் கைவிட்டுப் பார்த்தாள். கோடையில் கழுவிக் காயவைத்த எள் இருந்தது. மச்சில் கருப்பட்டி இருந்தது, கொஞ்சம் வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் ஏலக்காயும் இருந்தன. துவையலுக்கென்று காளிச்சாமி பொள்ளாச்சிச் சந்தையில் வாங்கிவந்த பொட்டுக்கடலையும், பூனைக்கு எட்டக்கூடாதென்று உறியில் தொங்கவிட்ட நெய்யும் இருந்தன. தேங்காய்க்குப் பஞ்சமில்லை.

முதலில் எள். உரலில் போட்டு அவள் ஒரு பக்கமும் கமலாத்தாள் ஒரு பக்கமும் மாற்றி மாற்றிக் குத்தினார்கள். எள் நசுங்கி எண்ணெய் விட்டு, உலக்கைப் பூண் பளபளக்கத் தொடங்கியதும் கருப்பட்டியை உடைத்துப் போட்டாள். இடிக்க இடிக்க அது கறுத்து ஒன்றாகச் சேர்ந்தது. அள்ளிப் பிடித்தால் விரல் பதிந்த அடையாளத்தோடு உருண்டை நின்றது. அடுத்தது பொட்டுக்கடலை. மாவாக இடித்துச் சலித்து, நாட்டுச் சர்க்கரையும் ஏலக்காயும் கலந்து, சோற்றுப் பானைப் பக்கத்தில் வைத்து இளக்கிய நெய்யை ஊற்றிப் பிடித்தாள். மாவிளக்கு மாவு மட்டும் வைத்திருந்தால் புளித்துவிடும் என்று, அதற்கான அரிசியை விருந்தாளிகள் வருகிற அன்று விடியலில்தான் ஊறப்போட்டாள். அதை இடித்து, வெல்லத்தோடு தேங்காய்ப் பல்லும் சேர்த்துப் பிசைந்தாள்.

இத்தனைக்கும் நடுவே அவள் வாய் ஒரு நொடி ஓயவில்லை. ஓய வேண்டிய அவசியமும் இல்லை. கதை எவ்வளவு நீண்டாலும் எள் பொறுத்துக்கொண்டது. கமலாத்தாள் சிரித்துச் சிரித்து உலக்கையைப் பிடிக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டாள். சுப்பாத்தாள்கூட, “அப்புறம் அந்த எருமை கரையேறுச்சா இல்லையா?” என்று கேட்டுக்கொண்டே உருண்டை பிடிக்க வந்து உட்கார்ந்தாள்.

தீபாவளிக்கு மறுநாள் மழை கொஞ்சம் விட்டிருந்தது. அர்த்தநாரி, தாயார், தாய்மாமன் மூவரும் கூண்டு வண்டியில் வந்து இறங்கினார்கள். காளிச்சாமி மனைவியைத் தனியே கூப்பிட்டான்.

“சுவர் உழுந்த கதை, பாகுக் கதை ஒண்ணும் வேண்டாம் புள்ள. பலகாரத்தை வெச்சுட்டு உள்ள போயிரோணும்.”

“நான் எதுக்குங்க பேசப்போறேன்?” என்றாள் மருதாத்தாள். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தாள்.

வீட்டின் முன்கட்டு ஆசாரத்தில் பாய் விரித்துத் தட்டு வைத்தார்கள். அர்த்தநாரியின் தாயார் பெரிய உடம்புக்காரி, சட்டென்று சிரிக்கிற முகமில்லை. தட்டை ஒருதரம் பார்த்தாள்.

“ஏனுங்க, உங்க பக்கம் நோம்பிக்கு அதிரசம் சுடறதில்லீங்களா?”

சுப்பாத்தாள் முந்தானையை இழுத்துச் சரிசெய்தாள். காளிச்சாமி கூரையைப் பார்த்தான். மருதாத்தாள் ஒரு மூச்சு பொறுத்தாள். இரண்டாவது மூச்சு பொறுக்க முடியவில்லை.

“சுடறதுதானுங்க. முந்தாநேத்து அடுப்பு மேல சுவரே உழுந்துருச்சுங்க! உழாட்டியும் பாருங்க, என்னைய நம்பி அடுப்பைக் குடுக்க மாட்டாங்க...” என்று ஆரம்பித்தவள், வாணலி ஒட்டியதையும், கோடாலியால் உடைத்ததையும், அடுத்த வருஷம் அதிரசம் எண்ணெயில் கரைந்ததையும் ஒன்று விடாமல் சொல்லி முடித்தாள். சொல்லி முடித்த பிறகுதான் புருஷன் முகம் கண்ணில் பட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அந்த அம்மாள் எள்ளுருண்டை ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். மென்றாள். இன்னொன்று எடுத்தாள். பிறகு அவள் தோள் குலுங்கியது. பார்த்தால், சிரிப்பு.

“கோடாலியா! அடப் பாவமே! ஏப்பா,” என்று தாய்மாமன் பக்கம் திரும்பினாள், “போன ஊட்டுல பொண்ணுக்கு என்ன வயசுன்னு கேட்டதுக்கே மூணு பேரு மூணு பதில் சொன்னாங்க. இங்க கேக்காததையும் சொல்லிப்போட்டாங்க. இனி வேற என்ன விசாரிக்கோணும்?”

அர்த்தநாரி கதவிடுக்கில் நின்ற கமலாத்தாளைப் பார்த்ததையும், அவள் அடக்க மாட்டாமல் சிரித்ததையும் எல்லாரும் பார்த்தார்கள். வண்டி கிளம்பும்போது அவன் தாயார் மிச்சமிருந்த உருண்டைகளைத் துணியில் கட்டித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டாள்.

தை பிறந்ததும் கல்யாணம் நடந்தது. பந்தலுக்கு வந்த சீர்த் தட்டுகளில் எள்ளுருண்டைத் தட்டும் ஒன்று இருந்தது. அதைத் தலையில் சுமந்து வந்தவள் சுப்பாத்தாள். “எங்க மருமக இடிச்சது” என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

அடுத்த தீபாவளிக்குச் சமையலறையில் புதுச்சுவர் எழும்பி, அடுப்பும் புதிதாகப் போட்டாகிவிட்டது. சுப்பாத்தாள் வழக்கம்போல அதிரசம் சுட்டாள். ஆனால் கூட்டமெல்லாம் களத்தில் உரலைச் சுற்றித்தான். அக்கம்பக்கத்துப் பெண்கள் அவரவர் எள்ளையும் கருப்பட்டியையும் மடியில் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். தலைத் தீபாவளிக்கு வந்த கமலாத்தாள் இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு உலக்கையை எடுத்தாள்.

“நங்கையா, புதுசா ஏதாச்சும் சொல்லுங்க,” என்றாள் அண்ணியிடம்.

“புதுசுக்கு என்ன கொறைச்சல்?” என்று மருதாத்தாள் உரலில் எள்ளைக் கொட்டினாள். “போன வாரம் சந்தையில ஒருத்தன் என்ன பண்ணினான் தெரியுமா...”