கத்தரி மேனேஜரும் காலிக் கொக்கியும்

செத்த மறுநாளே எவரும் உத்தமராகிவிடுகிறார். எங்கள் கால்பந்து கிளப்பின் மேனேஜர் உத்தமராகி ஒரு வாரம் ஆகிறது. கிளப் ஹாலில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். மேடையில் அவருடைய பெரிய போட்டோ, அதில் சிரிக்கிறார். பத்தொன்பது வருடம் அவரிடம் ஜெர்சி துவைத்து, மடித்து, மாட்டியவன் நான். அந்தப் பல்லை நான் பார்த்ததே இல்லை.

ஆட்டக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் கத்தரி. ஆளை வெட்டுவதில் அப்படி ஒரு நேர்த்தி. பந்தை ஒரு நாளும் காலால் தொட்டதில்லை. கேட்டில் டிக்கெட் கிழிக்கச் சேர்ந்து, கிழித்துக் கிழித்தே மேலே வந்து மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்தவர். யாரை எடுப்பது, யாரை அனுப்புவது எல்லாம் அவர் வைத்ததுதான் சட்டம். மூன்று கோப்பை வாங்கிக் கொடுத்தார், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு ஆட்டக்காரனின் எடையும் ஷூ அளவும் அவருக்கு மனப்பாடம். எவனுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது என்பது மட்டும் தெரியாது. மதியச் சாப்பாட்டை ஜன்னலோரம் நின்று மைதானத்தைப் பார்த்தபடியே தின்பார். யாராவது பேச்சுக் கொடுத்தால் டப்பாவை மூடிவிடுவார். சரியான கல்லுளிமங்கன்.

ஒருவனை நீக்கினால் அதை அவனிடம் சொல்கிற வழக்கமே அவருக்குக் கிடையாது. முந்தின நாள் சாயங்காலம் துணி அறை வாசலில் வந்து நின்று, “நாளைக்கு ஏழாம் நம்பர் கொக்கி காலியா இருக்கட்டும்” என்பார். மறுநாள் அந்த ஏழாம் நம்பர்க்காரன் உடை மாற்றும் அறைக்கு வருவான். எல்லாக் கொக்கியிலும் ஜெர்சி தொங்கும், அவன் கொக்கியில் மட்டும் ஒன்றும் இருக்காது. பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். முன்கூட்டியே நான் மூச்சு விட்டால் என் வேலை போய்விடும். முடிவு அவருடையது, பாவம் என் கைக்கு.

ஆறு வருடத்துக்கு முன் காலியானது இரண்டாம் நம்பர் கொக்கி. என் தம்பியுடையது. அன்றைக்குப் பார்த்து மாமனார் வீட்டு ஆட்கள் பத்துப் பேரைக் கேலரியில் உட்கார வைத்திருந்தான். அத்தனை பேர் எதிரில் பையோடு வெளியே வந்தவன், அதற்குப் பிறகு என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. என் மகள் கல்யாணத்துக்குக்கூட வரவில்லை.

கூட்டத்துக்கு முந்தின நாள் தம்பி மனைவி போன் செய்தாள்.

“மாமா, நாளைக்கு இவரும் வர்றாராம். அந்த மனுஷன்தான் உங்க வாயைக் கட்டிப்போட்டாருன்னு நாலு பேர் முன்னாடி நீங்களே சொல்லிடுங்க. இவர் மனசு இறங்கிடும்.”

சொன்னேன். எல்லாரும் அவரை ஆகா ஓகோவென்று தூக்கி வைத்துப் பேசி முடித்த பிறகு மைக்கைப் பிடித்தேன்.

“நல்ல மேனேஜர்தான். நல்ல மனுஷன் இல்லை. ஒருத்தன் முகத்தைப் பார்த்து ‘நீ வேண்டாம்’னு சொல்லத் தைரியம் இல்லாதவர். பயந்தாங்கொள்ளி. என் கூடப் பிறந்தவன்கிட்டக்கூட என்னைச் சொல்ல விடலை.”

செயலாளர் முகம் கறுத்தது. கறுக்கட்டும். கடைசி வரிசையில் தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டான். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

கீழே இறங்கியதும் வந்து, “அண்ணே” என்று கையைப் பிடித்தான். அந்த நேரம் பார்த்தா கத்தரியின் மனைவி வந்து நிற்க வேண்டும்? அந்த அம்மா முகத்தில் கோபம் இல்லை.

“நீங்க சொன்னதெல்லாம் சரிதான். வீட்லயும் அவர் அப்படித்தான், ஒரு நாளைக்கு நாலு வார்த்தை. ஆனா உங்க தம்பி விஷயத்துல மட்டும் வழக்கத்தை மாத்தினேன்னு சொன்னாரே. ‘அண்ணன்கிட்ட சொல்லிட்டேன், வீட்லயே பக்குவமா சொல்லிடுவான். பாவம், இங்க வந்து எல்லார் முன்னாடியும் நிக்க வேண்டாம்’னு. மறந்துட்டீங்களோ?”

மறக்கவில்லை. அந்தச் சாயங்காலம் அவர் என்னிடம் சொன்னது அதைத்தான். மறுநாள் நானும் தம்பியும் ஒரே பைக்கில் வந்தோம். பின்னால் உட்கார்ந்து, மாமனார் முதல் தடவையாகத் தன் ஆட்டத்தைப் பார்க்க வருவதைப் பற்றியே வழியெல்லாம் பேசினான். என் வாய் திறக்கவில்லை. அப்புறம் பழியைத் தூக்கி அவர் மேல் போட்டேன். அவர்தான் யாரிடமும் பேச மாட்டாரே, எனக்கு வசதியாகப் போயிற்று.

“நிஜமாண்ணே?” என்றான் தம்பி.

“ஆமாம்” என்றேன்.

என் கையை விட்டான். அந்த அம்மா பக்கம் திரும்பி, “அவரைப் பத்தி நானும் ரெண்டு வார்த்தை பேசலாமாம்மா?” என்று கேட்டான். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. என்னைச் சுற்றிக்கொண்டு மேடையை நோக்கி நடந்தான்.